பாட்டுக்காரியின் வழக்கும் உறுமிக்காரரின் பெயரும்

ஜிம் மாரிசனையும் மாதங்கி அருள்பிரகாசத்தையும் ஒரே கட்டுரையில் வைப்பது பலருக்கு விநோதமாகப் படும். 'தி டோர்ஸ்' குழுவின் பாடகரான மாரிசன் 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார்; வயது 27. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பின்னாளில் உலகம் அறிந்த மாதங்கி, லண்டனில் பிறந்தது 1975ல். அவர் பாடியது ராக், இவர் பாடுவது ராப்பும் நடன இசையும். ஆனால் இருவருக்கும் இரண்டு ஒற்றுமைகள் உண்டு. இருவரும் படித்தது இசையை அல்ல, சினிமாவை. மாரிசன் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தார், மாதங்கி லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில். இருவருடைய தகப்பன்மாரும் போருக்குள் இருந்தவர்கள். 1964ல் டோங்கின் வளைகுடாச் சம்பவத்தின்போது அங்கிருந்த அமெரிக்கக் கப்பல்படைப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் ஜார்ஜ் ஸ்டீபன் மாரிசன். ஈழத் தமிழ்ப் போராளி இயக்கமான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் மாதங்கியின் அப்பா அருளர். தன் பெற்றோர் இறந்துவிட்டதாகவே மாரிசன் வெளியே சொல்லிவந்தார். மாதங்கி, வீட்டுக்கு வராத அப்பாவின் பெயரையே 2005ல் வெளிவந்த தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தார்.

இருவரைப் பற்றியும் ஆவணப்படம் இருக்கிறது. டாம் டிசிலோ இயக்கிய 'வென் யூ ஆர் ஸ்ட்ரேஞ்ச்' 2009ல் வந்தது. பிறகு கிராமி விருதும் வாங்கியது. ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' 2018 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டு நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது. இரண்டு படங்களுக்கும் உயிர் கொடுப்பது பாடகர்கள் தாங்களே எடுத்து வைத்திருந்த படச்சுருள்தான். இரண்டையும் மீன்பிடித் தடைக்காலத்து மே மாதத்தில், வடசென்னைக் காசிமேட்டில் ஒரு மாடியில், கடலுக்குப் போகாமல் கரையில் இருந்த இளைஞர்கள் சிலரோடு பார்த்தேன். பாதிப் பேர் விசைப்படகுத் தொழிலாளிகள். இரண்டு பேர் கானாவுக்குச் சட்டியும் டோலாக்கும் வாசிக்கிறவர்கள். 'கலகக்காரப் பாடகர்' என்ற பட்டத்தைச் சுமக்கிற ஒருவரைப் படம் எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு படங்களும் எதிரெதிரான விடை சொல்கின்றன. எந்த விடை செல்லும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எடை போட ஒரு அளவுகோல் வேண்டும். அதை வெளியே தேடத் தேவையில்லை என்பது என் நம்பிக்கை. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை ஒரு மனிதரின் வாழ்க்கையை இசையில் சொல்லும் வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மரண கானா. பாட வருகிறவர் வந்ததும் மைக்கைப் பிடிப்பதில்லை. இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், எந்தப் படகில் போனார், யார் அவருக்கு நெருக்கம், எதற்குக் கோபப்படுவார் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வார். அதையெல்லாம் மெட்டில் கோத்து விடிய விடியப் பாடுவார். எதிரே உடல் கிடக்கிறது. சுற்றி மனைவி, தம்பி, கடன் கொடுத்தவர், சண்டை போட்டவர் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பொய் சொன்னால் அந்த இடத்திலேயே முகம் சுளிக்க ஆள் உண்டு. பாடுகிறவர் நடுநடுவே சட்டிக்காரரையும் டோலாக்காரரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்க விடுவார். அந்த வடிவத்துக்கும் கோளாறு உண்டு. காசு கொடுப்பது இறந்தவர் வீடு என்பதால் புகழ்ச்சி மிகுந்துவிடும். பெண்கள் பாட இடமே இல்லாமல் பல காலம் ஓடிவிட்டது. ஆனாலும் அது இரண்டு விஷயங்களில் கறாரானது. கதைக்குள் இருப்பவர்கள் மறுத்துப் பேச வழி வைக்கிறது. கூட வாசிக்கிறவர்களைக் காதில் விழ வைக்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் இரு படங்களையும் பார்க்கப்போகிறேன்.

டிசிலோ செய்த நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். உயிரோடிருந்த குழுவினரை நாற்காலியில் உட்கார வைத்துப் பழைய நினைவுகளைக் கறக்கும் வேலையை அவர் செய்யவில்லை. திரையில் வருவது 1966க்கும் 1971க்கும் இடையில் எடுக்கப்பட்ட காட்சிகள் மட்டும். அதனால் நாற்பது வருஷத்துக்குப் பின்னால் வந்த அறிவு பழைய முகங்களின் மேல் பூசப்படவில்லை. மேடையில் மாரிசன் விழுவதும் எழுவதும், போலீஸ்காரர்கள் மேடையைச் சுற்றி நிற்பதும், பின்மேடையில் நாலு பேரும் சலித்துப்போய் உட்கார்ந்திருப்பதும் அன்றைக்கு நடந்த வேகத்திலேயே நடக்கின்றன.

அதைவிடப் பெரிய நன்மை, இது குழுவைப் பற்றிய படமாக இருக்க முயல்வது. டோர்ஸ் மேடையில் பேஸ் கிடார் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. ரே மன்சாரெக் வலது கையால் ஆர்கனையும் இடது கையால் பேஸ் விசைப்பலகையையும் வாசித்தார். ராபி க்ரீகர் ஃபிளமென்கோ கிடாரிலிருந்து வந்தவர்; ஜான் டென்ஸ்மோர் ஜாஸ் தாளத்திலிருந்து. அந்தக் குழுவை உலகப் புகழுக்குத் தூக்கிய 'லைட் மை ஃபயர்' பாட்டின் முதல் வடிவத்தை எழுதியவர் மாரிசன் இல்லை, க்ரீகர். ஆனாலும் வருமானம் நாலு பேருக்கும் சமம் என்பதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. 1968ல் ஒரு கார் கம்பெனி அந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டது. மாரிசன் ஊரில் இல்லாதபோது மற்ற மூவரும் சரி என்றார்கள். திரும்பி வந்தவர் கொதித்துப் போனார். படத்தில் இதையெல்லாம் பார்க்கும்போது எங்கள் மாடியில் பேச்சு நின்றது. சட்டி வாசிக்கும் பையன் மட்டும் மன்சாரெக்கின் இடது கையைக் காட்டும் இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னான். ஒரு ஆவணப்படம் வாத்தியக்காரனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

ஆனால் இதே படம் மாரிசனிடம் வந்ததும் தன் நிதானத்தை இழக்கிறது. மாரிசன் தன் நண்பர்களோடு 1969ல் 'எச்.டபிள்யூ.ஒய்.' என்ற சிறு படத்தை எடுத்தார்; பாலைவனச் சாலையில் தாடியோடு நடந்தும் கார் ஓட்டியும் போகிற மனிதனாக அவரே நடித்தார். டிசிலோ அந்தச் சுருளை எடுத்து, காரின் ரேடியோவில் மாரிசனின் மரணச் செய்தி வருவதுபோல ஒலியைச் சேர்த்துவிட்டார். தன் சாவுச் செய்தியைத் தானே கேட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறார் பாடகர். பார்க்க மயக்கும் காட்சிதான். இருந்தாலும் நான் இதை ஏற்க மாட்டேன். இறந்தவரைப் பார்த்துப் பேசுவது எங்கள் ஊர் வழக்கத்திலும் உண்டு. 'இப்படிப் போயிட்டியே' என்று பாடாத மரண கானா இல்லை. அங்கே பாடுகிறவர் தன் வாயால் பேசுகிறார், இறந்தவர் பேசாமல் கிடக்கிறார். இங்கே இறந்தவருடைய காதையே இயக்குநர் எடுத்துப் பயன்படுத்துகிறார். உயிரோடு, ஒரு படத்தை இயக்க ஆசைப்பட்டு மாரிசன் எடுத்த காட்சி, சாவைத் தேடிப்போன ஆவியின் காட்சியாக மாறிவிடுகிறது. அவர் எடுத்த படத்தை வைத்தே அவருடைய நோக்கத்தைத் தட்டிப் பறிப்பது திருட்டுக்குப் பக்கத்தில் வரும்.

முதல் காட்சியில் விழுந்த அந்தக் கோணல் படம் முழுக்க ஓடுகிறது. கதை சொல்லும் ஜானி டெப்பின் குரல் மாரிசனின் ஒவ்வொரு குடியையும் விதியின் படிக்கட்டாக அடுக்கிக்கொண்டே போகிறது. வியட்நாம், மார்ட்டின் லூதர் கிங் கொலை, ராபர்ட் கென்னடி கொலை எல்லாம் திரையில் வந்து போகின்றன. எதுவும் மாரிசன் வாழ்க்கையோடு முடிச்சுப் போடப்படவில்லை. மகன் வியட்நாம் போருக்கு எதிரான தலைமுறையின் குரலாகப் பாடிக்கொண்டிருக்க, தகப்பன் அந்தப் போருக்கு வாசல் திறந்த சம்பவத்தில் கப்பல்படைத் தளபதி. இந்த ஒரு உண்மைக்காகவே ஒரு படம் எடுக்கலாம். டிசிலோ அதைக் குறிப்பிட்டுவிட்டு மறுபடி சாராய பாட்டிலுக்குத் திரும்பிவிடுகிறார். 1969 மார்ச் 1 மயாமி கச்சேரிக்காக மாரிசன் மேல் போடப்பட்ட வழக்கும் அப்படியே. ஆபாசம் என்று குற்றம் சாட்டி, ஆறு மாதச் சிறையும் 500 டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அவர் இறந்தார். 2010 டிசம்பரில், படம் வந்த பிறகு, ஃபுளோரிடா மாநிலம் மன்னிப்பு வழங்கியது. ஒரு பாடகனை நீதிமன்றத்துக்கு இழுக்க ஊருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று படம் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோளாறு முழுவதும் பாடகனின் உள்ளே இருக்கிறது என்று அது முன்பே முடிவு கட்டிவிட்டது.

இங்கேதான் லவ்ரிட்ஜின் படம் வேறு திசையில் போகிறது.

மாதங்கி பிறந்த ஆறு மாதத்தில் குடும்பம் யாழ்ப்பாணத்துக்குப் போனது. அப்பா இயக்கத்தில், அம்மா கலாவும் பிள்ளைகளும் இடம் மாறி மாறி வாழ்ந்தார்கள். கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்தார்கள். 1986 வாக்கில் அகதியாக லண்டன் திரும்பியபோது மாதங்கிக்குப் பத்து, பதினோரு வயது. கல்லூரியில் படிக்கும்போது கையில் கேமரா வந்தது. வந்ததிலிருந்து அவர் அதைக் கீழே வைக்கவில்லை. தன் குடும்பத்தை எடுத்தார், தன்னையே எடுத்தார். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பயணத்தைப் பதிவு செய்யப் போனார். அந்தக் குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் வீட்டில் கிடந்த ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியில்தான் முதல் பாட்டுகளைக் கட்டினார். 2001ல் இலங்கைக்குப் போய் உறவுகளையும் பாட்டியையும் படம் பிடித்தார். பல வருஷங்கள் கழித்து, ஏறத்தாழ 700 மணி நேரப் பதிவுகளைக் கல்லூரித் தோழரான லவ்ரிட்ஜின் கையில் கொடுத்துவிட்டார்.

தோழர் எடுத்த படம் நேர்மையாக இருக்குமா என்ற ஐயம் நியாயமானது. அதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் படத்தைப் பார்த்தால் ஐயம் தளர்கிறது. லவ்ரிட்ஜ் அவருக்கு ரசிகராக நடந்துகொள்ளவில்லை. 2013ல் சலித்துப்போய் வேலையை விட்டுப் போகிறேன் என்று பகிரங்கமாகவே சொன்னவர் அவர். முடிந்த படத்தை மாதங்கி முதல்முறை பார்த்தபோது, அவருக்கே அது முழுத் திருப்தி தரவில்லை. புகழ் பாடக் கூலி வாங்கிய படமாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது. பாடகர்களைப் பற்றிய படங்களில் இது அபூர்வம். ஆசிஃப் கபாடியா 2015ல் எடுத்த 'ஏமி' படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஏமி வைன்ஹவுஸ் இறந்துபோனவர், தன் தரப்பைச் சொல்ல வர முடியாதவர். அவருடைய தகப்பனார் படத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஏமி என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு வழியே இல்லை. மாதங்கி உயிரோடு, வாய் திறந்து, எதிரே இருக்கிறார்.

படத்தின் மிகச் சிறந்த பகுதி 2001 இலங்கைப் பயணம். போரிலிருந்து தப்பிப் போய்விட்ட பெண்ணாகத்தான் அவர் அங்கே நிற்கிறார். நீ போய்விட்டாய், நாங்கள் இருந்தோம் என்ற உண்மை யாரும் வாய்விட்டுச் சொல்லாத நேரத்திலும் அந்த அறைகளில் தங்கியிருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் இருக்கும் இளம்பெண் தன் கூச்சத்தை மறைக்கவில்லை. கேள்வி கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தடுமாறுகிறார். அப்பாவைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தில் ஒரே குரல் இல்லை. தலைவர், போராளி என்று வெளியே சொல்லப்படுகிற மனிதர் வீட்டுக்குள் இல்லாமல் போனவர் என்பதையும் படம் விட்டுவிடவில்லை. சாவு வீட்டில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பாடுகிறவரை முகம் சுளித்துத் திருத்துவார்கள் என்றேனே, அந்த உரிமை இந்தக் குடும்பத்துக்கு இந்தப் படத்தில் கிடைத்திருக்கிறது. டிசிலோ படத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அடுத்த பலம், 'கலகக்காரி' என்ற பட்டத்தை யார் ஒட்டினார்கள் என்று படம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது. 2009ன் தொடக்க மாதங்களில் இலங்கையின் வன்னியில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த குழு 2011ல் சொன்னது. அதே 2009 பிப்ரவரியில்தான் மாதங்கி நிறைமாதக் கர்ப்பத்தோடு கிராமி மேடையில் பாடினார், ஏ.ஆர். ரகுமானோடு செய்த பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்திருந்தது. கிடைத்த மேடையிலெல்லாம் அவர் வன்னியைப் பற்றிப் பேசினார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களின் கவனம் அவருடைய உச்சரிப்பில் போய் நின்றது. 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வார இதழ் வெளியிட்ட நீண்ட கட்டுரை, ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவல் தின்றவராக அவரைக் காட்டியது; அந்த வறுவலை வாங்கச் சொன்னது பேட்டி எடுத்தவரே என்பதற்கான ஒலிப்பதிவை மாதங்கி பிறகு வெளியிட்டார். 2012 பிப்ரவரியில் சூப்பர் பவுல் மேடையில் நடுவிரலைக் காட்டியதற்காக அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் அவரிடம் கேட்ட மொத்தத் தொகை 1.66 கோடி டாலர். இத்தனையையும் வரிசையாகப் பார்த்து முடிக்கும்போது, கோளாறு பாடகியிடம் இருக்கிறதா, அவர் பேசுவதைக் கேட்க விரும்பாத இடத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

காசிமேட்டுக்காரர்களுக்கு இது உடனே புரிகிறது. தமிழ் சினிமாவில் இந்தப் பகுதியின் பெயர் வந்தாலே அடுத்த காட்சியில் கத்தி வரும். இங்கே பாடுகிறவரை ரவுடியாகப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பாட்டைக் கேட்பார்கள், கேட்டால்.

இத்தனை சொன்ன பிறகும் லவ்ரிட்ஜின் படத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது அரசியல். அருளர் ஈரோஸ்காரர், விடுதலைப் புலி அல்ல என்பதை மேற்கத்தியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பக் குழப்பின. படம் அந்தக் குழப்பத்தின் அநியாயத்தைக் காட்டுகிறது; ஆனால் அந்த இயக்கங்கள் ஒன்றையொன்று என்ன செய்தன என்ற இடத்துக்குள் போகவே இல்லை. 1990 ஜூனில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் இதே சென்னை நகரத்தின் நடுவே கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிங்களப் பேரினவாதத்தின் கொடுமையைச் சொல்வதற்கு இவற்றை மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பாடகியின் வாழ்க்கைப் படத்தில் ஈழ வரலாறு முழுவதையும் அடக்க முடியாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தமிழர் துயரத்தை அறியாத உலகத்துக்கு அறிமுகம் செய்து வைக்கும் பொறுப்பைப் படம் தானாகவே தோளில் ஏற்றிக்கொண்டது. அந்தத் தோளில் இந்தப் பாரமும் ஏறியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை எனக்கு இன்னும் வலிக்கிறது. இது ஒரு இசைக்காரியைப் பற்றிய படம். இதில் இசை எப்படி உண்டானது என்பது ஓட்டமாகக் கடந்து போகிறது.

2007ல் வந்த 'கலா' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் பெயர் கொண்ட ஆல்பம். அமெரிக்கா விசா மறுத்ததால் அவர் இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவு செய்தார். அதன் தாளத்தில் கணிசமான பங்கு சென்னையில் உருவானது. ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தாளக்காரர்கள் வாசித்தார்கள். உறுமி அந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் 2003ல் வந்த 'ஜெயம்' படத்துக்காக ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் ஒலித் துணுக்கு கோக்கப்பட்டிருக்கிறது. லண்டன், நியூயார்க் விடுதிகளில் ஆடியவர்களின் கால்களை நகர்த்தியது தென்மாவட்டக் கோயில் கொடைக்கும் சாவுக்கும் வாசிக்கிற தோல். சென்னையில் அகதிப் பிள்ளையாக வாழ்ந்த பெண், கையில் பணத்தோடும் கருவியோடும் அதே ஊருக்குத் திரும்பி, அந்த ஊரின் அடித்தட்டுத் தாளத்தை உலகத்துக்கு எடுத்துப் போகிறார். இந்தக் கதையில் பெருமையும் இருக்கிறது, கேட்க வேண்டிய கடினமான கேள்வியும் இருக்கிறது. கூலி என்ன, பெயர் எங்கே, வாசித்தவர்களுக்கு அந்த ஒலி பிறகு எங்கே போனது என்று தெரியுமா? அமெரிக்கப் பத்திரிகை தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைக் கேள்வி கேட்கும் ஒருவரிடம், அவருடைய தோழரான இயக்குநர் இதையும் கேட்டிருக்க வேண்டும்.

படம் முடிந்ததும் 'பேர்ட் ஃப்ளூ'வை செல்போனில் போட்டேன். டோலாக் வாசிக்கும் பையன் ஐந்தாறு விநாடியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ணா, இது உறுமிணா. யார்ணா வாசிச்சது? படத்துல இவங்கள ஏன் காட்டவே இல்ல?" என்றான். என்னிடம் பதில் இல்லை. வாத்தியக்காரரிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று லவ்ரிட்ஜுக்குத் தோன்றியிருந்தால் படம் வேறாக வந்திருக்கும்.

இதைச் சின்னக் குறை என்று தள்ள முடியாது என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சியங்களே போதும். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றினார்கள். அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்த குழு, 19 பேர். கானாவும் ராக் கிடாரும் ராப்பும் பறையும் ஒரே மேடையில். அதில் இருந்த ஒரே பெண் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி. 2020ல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த 100 பெண்களில் அவரும் ஒருவர். அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் 'ஒரே பெண் கானா பாடகி' என்ற செய்தி தவறாமல் வரும். அவர் குரல் எந்தச் சுதியில் நிற்கிறது, சட்டியின் நடைக்கு மேல் சொல்லை எப்படித் தள்ளிப் போடுகிறார், ஆண்கள் பாடிவந்த மெட்டை எங்கே உடைக்கிறார் என்று எழுதியவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில், சில வருஷங்களுக்கு முன் பாடிய ஐயப்பன் பற்றிய பாட்டுக்காக அவர் மேல் புகார்களும் மிரட்டல்களும் குவிந்தபோது, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசினார்கள்; அந்தப் பாட்டை ஒரு பாட்டாகக் கேட்டுப் பேசியவர்கள் மிகச் சிலர். மயாமியில் மாரிசனுக்கும் சூப்பர் பவுலில் மாதங்கிக்கும் நடந்ததும் இதுதான். பாடகரைச் சுற்றித் தகராறு மூண்டதும் முதலில் காணாமல் போவது இசை. அவருக்காக வாதாடுகிற படமும் இசையை விட்டுவிட்டால், எதிராளிகள் தொடங்கி வைத்த வேலையை அறியாமல் தொடர்கிறது.

பெயர் விடுபடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இன்னொரு உதாரணம். 2021ல் இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்துக்காக சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'நீயே ஒளி' பாட்டில் கனடாத் தமிழர்களான ஷான் வின்சென்ட் டி பாலும் நவ்ஸ்-47ம் ராப் பாடினார்கள். புலம்பெயர்ந்த குரல் வடசென்னைக் கதைக்குள் நேராக வந்து இறங்கிய அருமையான தருணம் அது. அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பு தன் அட்டையில் ஷான் வின்சென்ட் டி பாலையும் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடகி தீயையும் போட்டது. அந்தப் பாட்டிலும் 'எஞ்சாயி எஞ்சாமி'யிலும் பாடலாசிரியராக இருந்த அறிவு அட்டையில் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவின் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. எம்.ஐ.ஏ.வுக்காகக் கோபப்படும் நாம், 'கலா'வின் உறுமிக்காரர்களுக்காகவும் அதே அளவு கோபப்பட வேண்டும்.

ஆக, தீர்ப்பு. 'வென் யூ ஆர் ஸ்ட்ரேஞ்ச்' இசையைக் கேட்கத் தெரிந்த படம், மனிதனைப் பார்க்கத் தெரியாத படம். மாரிசனின் சொந்தச் சுருளில் போலி ரேடியோவைச் சேர்த்தது என் கண்ணில் மன்னிக்க முடியாத மீறல். ஒரு சாவை அழகாக்குவதற்காக ஒரு வாழ்வின் காரணங்களை அது அழித்துவிட்டது. 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' மனிதரைப் பார்க்கத் தெரிந்த படம். பாடகி எடுத்த காட்சிகளை அவருடைய கேள்விகளாகவே வைத்திருக்கிறது. வீட்டார் மறுத்துப் பேச இடம் விட்டிருக்கிறது. தகராறின் வேரை அவர் உடம்புக்குள் தேடாமல் அவர் வாழ்ந்த உலகத்தில் தேடுகிறது. இயக்கங்களின் கணக்கை முழுதாகச் சொல்லாததும் இசையைக் கேளாததும் அதன் மதிப்பைக் குறைக்கின்றன, கொஞ்சமாக அல்ல. ஆனால் குறைந்த பிறகும் இரண்டில் அதுதான் மேல். தவறிப்போன இசையை நாம் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ள முடியும், ஆல்பம் இருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றிப் பொய்யாகப் பதிந்த சித்திரத்தை அப்படி எளிதில் திருத்த முடியாது. மாரிசனுக்கு ஐம்பது வருஷமாக முடியவில்லை.

காசிமேட்டில் ஒரு இரவுக்கு ஒரு படம்தான் என்றால் லவ்ரிட்ஜின் படத்தைத்தான் போடுவேன். இந்தத் தெருக்களில் பாடுகிறவர்களைப் படமெடுக்கக் கேமராவோடு கிளம்பும் பிள்ளைகளுக்கு மட்டும், அதற்கு முன்னால் டிசிலோ படத்தில் நாலு பேரும் சேர்ந்து வாசிக்கும் பகுதியைக் காட்டுவேன். பிறகு 'பேர்ட் ஃப்ளூ'வைப் போட்டு, அதில் எத்தனை கைகள் வாசிக்கின்றன என்று எண்ணிச் சொல்லச் சொல்வேன்.